கடல்மட்டத்தில் பழகியவர் இமயத்துப் பல நாள் சைக்கிள் பந்தயத்தில் தாக்குப்பிடிக்க முடியுமா?

ஜூன் 4

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருப்பது இது: "குமரி மாவட்டத்தில் நாம் ஓட்டும் ஏற்றங்கள் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன. இமாச்சலத்தில் ஒரே ஏற்றம் மூன்று மணி நேரம் நீள்கிறது. மூச்சுக்காற்றும் அங்கே குறைவு. அப்படியிருக்க, நம்மைப் போன்றவர்கள் ஒரு வாரப் பந்தயத்திற்குப் பணம் கட்டுவது ஆற்றில் கொட்டுவதுதானே?"

இல்லை என்று நினைக்கிறேன். காரணம் சிலருக்குச் சப்பென்று தோன்றலாம். ஏற்றம் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கலாம், இறங்கித் தள்ளலாம், ஓரமாக நின்று ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம்; ஆர்வத்திற்காக ஓட்டுபவர்கள் எல்லோரும் அங்கே அதைத்தான் செய்கிறார்கள். நான் பார்த்தவரை, பாதியில் திரும்பியவர்களைத் திருப்பி அனுப்பியவை வயிறு, உள்ளங்கை, உட்காரும் இடத்துப் புண், தேய்ந்துபோன பிரேக் ஆகியவை. ஒரு நாள் ஓட்டத்தில் இவை தலைகாட்டுவதில்லை. தலைகாட்டினாலும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். பல நாள் பந்தயத்தில் மாலை முடிவுக் கோட்டைக் கடந்ததிலிருந்து மறுநாள் காலை மீண்டும் புறப்படும் வரையிலான நேரத்தை ஒருவர் எப்படிச் செலவிடுகிறார் என்பது, அவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறார் என்பதைவிடப் பெரிய விஷயம். அதைக் கருங்கல்லில் இருந்துகொண்டே பழகலாம்.

ஜூன் 5

எந்தப் பந்தயத்தைச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். நம் நாட்டில் பலருக்கும் தெரிந்தது, 2005இல் தொடங்கி சிம்லாவை மையமாகக் கொண்டு நடந்துவந்த எம்டிபி (மலைச்சைக்கிள்) ஹிமாலயா. நேபாளத்தில் யாக் அட்டாக் என்று ஒன்று உண்டு. அதன் பாதை 5,416 மீட்டர் உயரமுள்ள தொரோங் லா கணவாயைக் கடந்து சென்றது. அங்கே சைக்கிள் நம்மைச் சுமப்பதைவிட நாம் சைக்கிளைச் சுமக்கும் நேரம் அதிகம் என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். உலக அளவில் பெயர்பெற்றது தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக். அதற்கும் மூத்தது, 1998இல் தொடங்கிய ஐரோப்பாவின் டிரான்ஸ் ஆல்ப். முதல்முறை போகிறவர்கள் இமாச்சலத்தையே யோசிக்கலாம். கடவுச்சீட்டு வேண்டாம், சாப்பாடு பழகியது, பேச ஆள் கிடைக்கும்.

ஜூன் 7

"மூன்றாம் நாள்" என்று பந்தயத்தின் ஒரு நாளைச் சொல்லி முன்பு ஒருமுறை நான் பயமுறுத்தியதை நினைவில் வைத்திருந்து, அன்று அப்படி என்னதான் நடக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதல் நாள் யாவரும் வேகமாகப் போகிறார்கள். இரண்டாம் நாள் அந்த வேகத்தின் கடனை அடைக்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் கூடாரத்திற்குள் அமர்ந்து சட்டையின் ஜிப்பை மேலே இழுக்க முயன்றபோது என் வலக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் எனக்குச் சொந்தமில்லாதவை போல இருந்தன. ஜிப்பின் நுனியைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. கைப்பிடியில் உள்ளங்கையின் வெளி ஓரம் நாள் முழுவதும் அழுந்துவதால் அவ்வழியே செல்லும் அல்னார் நரம்பு நசுங்கி, அந்த இரு விரல்களும் மரத்துப் போகின்றன. பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த பெங்களூர்க்காரர் பற்பசை மூடியைப் பல்லால் திறந்துகொண்டிருந்தார், அவருக்கும் அதே கதை.

இதைக் கொண்டுவருவது ஏற்றம் அன்று, இறக்கம். ஜலோரிக் கணவாய் போன்ற ஓர் இடத்திலிருந்து கற்களின் மேல் ஒரு மணி நேரம் இறங்கும்போது உடல் எடை கையில் விழுகிறது, விரல்கள் பிரேக்கை விடாமல் பிடிக்கின்றன, முன்னங்கை விறைத்துக் கட்டையாகிறது. ஒரே விரலால் பிரேக் பிடிக்கப் பழகுவதும், பிரேக் லீவரை விரலின் எட்டத்திற்கு ஏற்பக் கைப்பிடிக்கு அருகே கொண்டுவருவதும், எடையைக் கையிலிருந்து காலுக்கு மாற்றி நின்றபடி இறங்குவதும் எனக்கு எந்த விலையுயர்ந்த கையுறையைவிடவும் பயன்பட்டன. கைப்பிடியின் இருமுனைகளிலும் சற்று அகன்ற, உள்ளங்கையைத் தாங்கும் ரப்பர் பிடிகளும் உதவும்.

ஜூன் 7, இரவு

இரண்டு லட்சம் ரூபாய் சைக்கிள் இல்லாமல் போகலாமா என்று கேட்டவருக்கு: போகலாம். அந்த இரண்டு லட்சம் ரூபாய் சைக்கிளையும் சேற்றில் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், நல்ல டயர், ஒழுங்காக வேலை செய்யும் முன் சஸ்பென்ஷன் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். மிச்சமுள்ள பணத்தில் வீட்டில் இருப்பவர்களைச் சமாதானப்படுத்தலாம்.

ஜூன் 11

நேற்று நாகர்கோவில் நண்பர் ஒருவர், "தொழில்முறை வீரர்கள் படும் பாட்டில் பாதிகூட நாம் படுவதில்லை, பிறகு ஏன் இத்தனை புலம்பல்?" என்று எழுதியிருந்தார். இதை ஒப்புக்கொள்ள முடியாது.

ஒரே பாதையை முன்னணி வீரர் நான்கு மணி நேரத்தில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போன்றவருக்கு எட்டு மணி நேரம் ஆகும். அவர் மதியத்திற்கு முன்பே குளித்து, சாப்பிட்டு, காலை நீட்டிப் படுத்துவிடுகிறார். அவருடைய சைக்கிளை வேறொருவர் கழுவுகிறார். நாம் மாலையில் வந்து சேரும்போது வெந்நீர் தீர்ந்திருக்கும், சைக்கிள் கழுவும் குழாயின் முன் வரிசை நிற்கும், வெயில் மலைக்குப் பின்னால் போயிருக்கும், ஈரத் துணி காய்வதற்கு வழி இருக்காது. தசையில் தீர்ந்துபோன மாவுச்சத்து இருப்பு முழுமையாக நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் தேவை. அதில் பாதி நேரத்தைத்தான் பந்தயம் நமக்குத் தருகிறது. ஆக, எவர் மெதுவாக ஓட்டுகிறாரோ அவருக்கே ஓய்வும் குறைவு. முன்னணி வீரரின் வேகத்தை நாம் கனவிலும் எட்ட முடியாது என்பது வேறு விஷயம், ஆனால் சைக்கிள் சேணத்தின் (இருக்கையின்) மேல் உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் இழந்த உறக்கத்தையும் கணக்கிட்டால் கடைசி வரிசைக்காரரின் பந்தயம் நீளமானது.

இதிலிருந்து நடைமுறையில் ஒன்று கிடைக்கிறது. நேரத்தை ஏற்றத்தில் மிச்சம் பிடிக்க முயலாதீர்கள், தண்ணீர்ப் பந்தலில் மிச்சம் பிடியுங்கள். ஒவ்வொரு பந்தலிலும் கதை பேசி ஒரு கால் மணி நேரம் நிற்பவர், மூன்று பந்தலில் முக்கால் மணி நேர உறக்கத்தை விட்டுக்கொடுக்கிறார். கட்-ஆஃப் நேரத்தை (அதற்குள் வராதவரை விலக்கிவிடும் கெடு) நெருங்கி ஓடுபவருக்கு அது பந்தயத்தையே விட்டுக்கொடுப்பதாகவும் ஆகலாம். பின்னாலிருந்து, கடைசியாக வருபவர்களை ஏற்றிக்கொள்ளும் ஸ்வீப் வண்டியின் இன்ஜின் சத்தம் கேட்கும்போது வரும் வேகம் இருக்கிறதே, அதை எந்தப் பயிற்சியும் தராது.

ஜூன் 15

உயரம் பற்றி முதல் நாள் எழுதியதில் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் தக்கலையிலிருந்து எழுதிய மருத்துவர் ஒருவர் நியாயமாகவே மடக்கியிருக்கிறார். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே விகிதத்தில் குறையும், உச்ச உழைப்புத் திறனும் இறங்கும். கால் வலுவாக இருப்பதால் மட்டும் இதிலிருந்து தப்ப முடியாது. ஏற்றம் யாரையும் வீட்டுக்கு அனுப்பாது என்ற என் வாக்கியத்தில், 'மெதுவாகப் போகும் மனம் உள்ளவரை' என்ற நிபந்தனையைச் சேர்த்துப் படிக்கவும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று வந்தால் மனம் எதைச் சொன்னாலும் கீழே இறங்க வேண்டும். அதில் விவாதமே இல்லை.

என் அனுபவத்தில் உயரம் சைக்கிளின் மேல் இருக்கும்போது தந்த தொல்லையைவிட இரவில் தந்தது அதிகம். சிம்லா ஏறத்தாழ 2,200 மீட்டரில் இருக்கிறது. போய்ச் சேர்ந்த முதல் இரவுகளில் உறக்கம் துண்டு துண்டாக வந்தது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு விழிப்பேன். பந்தயம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பே போய் அங்கே சும்மா சுற்றிக்கொண்டிருப்பது இதற்காகத்தான். அலுவலகத்தில் விடுப்புக் கேட்கும்போது பந்தய நாட்களை மட்டும் எழுதிக் கொடுத்தவர்கள் முதல் இரண்டு கட்டங்களை உறக்கமின்றி ஓட்டுகிறார்கள்.

அதே மருத்துவர் ஒரு நல்ல செய்தியும் சொல்லியிருக்கிறார். வெப்பத்தில் உழைத்துப் பழகிய உடலில் குருதியின் நீர்மப் பகுதி கூடுகிறது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சற்று அதிகக் குருதியைத் தள்ளுகிறது. ஏப்ரல் மாத வெயிலில் நாம் ஓட்டியதெல்லாம் முற்றிலும் வீண்போகாது என்று ஆறுதல் கொள்ளலாம்.

ஜூன் 16

உயரத்தைவிட எனக்குப் பயம் குளிர். நம்மூரில் மழையில் நனைந்தால் குளுமையாக இருக்கிறது என்போம், அங்கே கணவாயின் உச்சியில் வியர்வையில் நனைந்த பனியனோடு இறங்கத் தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் பல் கிட்டித்துவிடும், விரல் பிரேக்கைப் பிடிக்காது. உச்சியில் நிறுத்தி, காற்றுப்புகாத மெல்லிய சட்டையை அணிந்த பிறகே இறங்குங்கள். சட்டை இல்லாதவர்கள் செய்தித்தாளை நெஞ்சில் செருகிக்கொள்ளலாம், ஐரோப்பிய மலைப்பாதைகளில் சைக்கிள் வீரர்கள் காலங்காலமாகச் செய்துவந்தது அது. கையுறை இரண்டு சோடி வேண்டும், ஒன்று நிச்சயம் நனையும்.

ஜூன் 22

சாப்பாட்டைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் வற்புறுத்துகிறார்கள். இந்தப் பேச்சில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இயல்பாகவே ஒரு சாதகம் உண்டு.

நீண்ட நேரம் ஓட்டும்போது மணிக்கு 60 கிராம் அளவு மாவுச்சத்து தேவை என்பார்கள். குளுக்கோஸை மட்டும் எடுத்தால் குடல் ஏறத்தாழ அந்த அளவுக்குமேல் உறிஞ்சாது. பிரக்டோஸையும் (பழச்சர்க்கரை) கலந்தால் 90 கிராம் வரை போகலாம், வயிற்றைப் பழக்கியிருந்தால். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். கடைகளில் பாக்கெட்டில் விற்கும் ஜெல் இதே வேலையைச் செய்கிறது, ஆனால் தொடர்ந்து நான்காம் நாளும் அதையே விழுங்க நேரும்போது நாக்கு வேலைநிறுத்தம் செய்கிறது. நான் வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து கொண்டுபோனேன். வறுத்த சிறுபயறும் வெல்லமும் தேங்காயும் உள்ளே, மேலே அரிசிமாவுத் தோல். வாரக்கணக்கில் கெடாது, சட்டைப் பையில் நசுங்காது, ஒரு கையால் எடுத்து வாயில் போடலாம். ஏறும்போது மெல்ல முடியாது என்பது ஒன்றே குறை, சமதரையில் தின்றுவிட வேண்டும். கருப்பட்டித் துண்டு கடைசி ஒரு மணி நேரத்திற்கு. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸை முகாமில் தின்னலாம், பாதையில் வேண்டாம். வறண்ட தொண்டையில் அது முள்ளாய்க் குத்தும். மட்டிப்பழம் நம்மூர்ப் பெருமை என்றாலும் திருவனந்தபுரம் தாண்டுவதற்குள் கூழாகிவிடுகிறது.

அடுத்து வயிறு. பந்தயத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் எல்லோரும் சமையற்காரரைச் சந்தேகிக்கிறார்கள். பல வேளைகளில் குற்றவாளி நம் தண்ணீர்ப் பாட்டிலின் வாய். கால்நடை போகும் பாதையில் முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு நேரே அந்த வாயில் அப்பிக்கொள்கிறது, நாம் அதை உறிஞ்சுகிறோம். 2007 ஜூனில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த ஒரு மலைச்சைக்கிள் பந்தயத்திற்குப் பிறகு பலர் கேம்பிலோபாக்டர் கிருமியால் நோயுற்றார்கள்; அதை ஆய்ந்தவர்கள் சேற்றின் மேல்தான் விரலை நீட்டினார்கள். வாய்க்கு மூடி போட்ட பாட்டிலையோ முதுகில் சுமக்கும் நீர்ப்பையையோ பயன்படுத்துங்கள். சேறு தெறித்த முகத்தை நாக்கால் துடைக்காதீர்கள், இது சிரிப்புக்காகச் சொல்வதில்லை.

ஜூன் 23

முந்திரிக்கொத்தில் முந்திரி எங்கே என்று கேட்ட சென்னை நண்பருக்கு: அதில் முந்திரி கிடையாது. அதன்பின் வந்த பன்னிரண்டு குறிப்புகளும் யார் வீட்டு முந்திரிக்கொத்து சிறந்தது என்ற சண்டையில் முடிந்துவிட்டதால் அவற்றுக்கு நான் பதில் எழுதவில்லை. சைக்கிளுக்குத் திரும்புவோம்.

ஜூன் 30

பிரேக் பேட், அதாவது சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டை (ரோட்டார்) இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கட்டை. இரண்டு நாள் மழையும் மணல் கலந்த சேறும் சேர்ந்தால் புத்தம்புதிய ரெசின் (பிசின்) பேடும் காணாமல் போகும். ரெசின் வகை மென்மையானது, சத்தமில்லாதது, காய்ந்த பாதையில் அருமையானது. உலோகத்துகள் வகை சற்றுக் கீச்சிடும், ஆனால் ஈரத்திலும் நீண்ட இறக்கத்தின் சூட்டிலும் நெடுநாள் நிற்கும். உங்கள் ரோட்டாரில் 'ரெசின் மட்டும்' என்று பொறித்திருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே உலோகப் பேடை மாட்டுங்கள்.

ஒவ்வொரு மாலையும், சாப்பிடுவதற்கு முன்பாக, சக்கரத்தைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பேடின் கனத்தைப் பார்ப்பது என் வழக்கம். ஒரு மாலையில் பின்பேடின் ஒருபுறம் முழுவதுமாய்த் தீர்ந்து, இரு பேடுகளையும் விலக்கி வைத்திருக்கும் மெல்லிய கம்பிச் சுருளின் காது ரோட்டாரில் உரசி வெள்ளியாய்ப் பளபளத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஓர் இறக்கம் போயிருந்தால் அது பிய்ந்து ரோட்டாருக்குள் சிக்கியிருக்கும். மாற்றுவதற்கு ஐந்து நிமிடமும் விலை குறைந்த ஒரு சோடி பேடும் போதும். அந்தப் பேடு பையில் இருக்க வேண்டும், அவ்வளவே. மலைக்கிராமத்துக் கடையில் சோப்பும் பிஸ்கட்டும் கிடைக்கும், உங்கள் பிரேக்கின் வடிவத்துக்குப் பொருந்தும் பேடு கிடைக்காது.

இதைச் சோதித்துப் பார்க்க இமாச்சலம் வரை போக வேண்டியதில்லை. ஜூலை மழையில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை வரையுள்ள ரப்பர்த் தோட்டச் செம்மண்ணில் ஒரு மாதம் ஓட்டுங்கள், பேடு தானே பேசும்.

ஜூலை 3

இந்தக் கேள்வி இந்த மாவட்டத்தில் மட்டும்தான் வர முடியும்: "டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் ரப்பர் பால்தானே? நம் வீட்டு மரத்துப் பாலையே ஊற்றினால் என்ன?"

சீலன்ட்களில் பெரும்பாலானவை இயற்கை ரப்பர் பாலை அடிப்படையாகக் கொண்டவை என்பது உண்மை. டயரில் முள் குத்தினால் துளையின் வழியே பால் வெளியேறி, காற்றுப்பட்டுக் கட்டியாகி அடைத்துக்கொள்கிறது; மரத்தில் வெட்டுவாய் தானே அடைபடுவதும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஆனால் மரத்திலிருந்து சிரட்டையில் வடிந்த பால் சில மணி நேரத்திலேயே கெட்டியாகத் தொடங்கும். அதனால்தான் பாலாகவே விற்பவர்கள் அமோனியா சேர்க்கிறார்கள், ரப்பர் ஷீட் அடிப்பவர்கள் அதற்கு நேர்மாறாக ஃபார்மிக் ஆசிட் ஊற்றி உறைய வைக்கிறார்கள். கடையில் வாங்கும் சீலன்டில் பாலை நீர்க்கச் செய்து, உறையாமல் காக்கும் பொருளைச் சேர்த்து, பெரிய துளையை அடைக்கச் சிறு துகள்களையும் கலக்கிறார்கள். அமோனியா மிகுந்த பாலை அலுமினிய ரிம்முக்குள் வைத்துப் பூட்டினால் ரிம் அரிக்கும். எனவே வேண்டாம்.

ஜூலை 4

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு அருமனையிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: அவர் ஏற்கெனவே ஊற்றிப் பார்த்துவிட்டாராம். இரண்டாம் நாள் டயருக்குள்ளிருந்து பொத்பொத்தென்று சத்தம் வந்ததாம், திறந்தால் முட்டை அளவில் ஓர் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) உருண்டை. வாசனையைப் பற்றி அவர் மனைவி தனியாக எழுதுவார் என்கிறார்.

ஜூலை 12

பயிற்சிக்கு வருகிறேன். மூன்று மணி நேர ஏற்றம் நம்மிடம் இல்லை என்பது மெய். இருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம் என்றால், முதலில் நாட்களை அடுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறு மணி நேரம் ஓட்டுபவரைவிட, வெள்ளி மாலையில் இரண்டும் சனியும் ஞாயிறும் நான்கு நான்குமாக ஓட்டுபவருக்கே பல நாள் பந்தயம் எப்படி இருக்கும் என்பது விளங்கும். ஞாயிறு காலை முதல் அரை மணி நேரம் கால் கெஞ்சும். அந்த அரை மணி நேரத்திற்காகத்தான் மற்ற மணி நேரங்களே.

நீண்ட ஏற்றத்திற்குப் பதிலாக நமக்குக் காற்று இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் காவல்கிணற்றிலிருந்து முப்பந்தல் வழியாக ஆரல்வாய்மொழி நோக்கி வந்து பாருங்கள். கணவாயைத் துளைத்துக்கொண்டு எதிரே வரும் அந்தக் காற்றில் காலை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும். ஏற்றத்தைப் போலவே இடைவிடாமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாலையில் லாரிகள் மிகுதி, பக்கக்காற்றில் சைக்கிள் ஒரு முழம் விலகும், தனியாகப் போகாதீர்கள். வெயில் தணிந்த மாலைகளில் சானல்கரை (கால்வாய்க்கரை) வழிகள் சீரான வேகத்திற்கு ஏற்றவை. குளிப்பவர்களும் துவைப்பவர்களும் இருக்கும் படித்துறைகளில் இறங்கி உருட்டிக்கொண்டு போவது மரியாதை.

தொழில்நுட்பத்திற்கு ரப்பர்த் தோட்டத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. சரிவை வெட்டிய தட்டுகள், மழையில் வழுக்கும் இலைச்சருகு, அடியில் ஒளிந்திருக்கும் வேர், திருப்பத்தில் திடீரென்று ஒரு முள்கம்பி வேலி. உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். விடியற்காலையில் பால்வெட்டு நடந்துகொண்டிருக்கும், நெற்றியில் விளக்குக் கட்டியவர்கள் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருப்பார்கள். அந்நேரம் வேகமாக இறங்குவது அவர்களுக்கும் ஆபத்து, ஒரு வாளிப் பாலைக் கவிழ்த்தால் நமக்கும் ஆபத்து. வெட்டு முடிந்தபின் போவது எல்லோருக்கும் நல்லது.

ஜூலை 14

கோதையாறு, கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போகலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: பொதுச்சாலை உள்ளவரை போகலாம், காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிப் போகக்கூடாது. அது கன்னியாகுமரி வனஉயிரினச் சரணாலயப் பகுதி, யானை நடமாட்டம் உண்டு. சத்தமில்லாமல் வளைவில் திரும்பும் சைக்கிளை யானை எதிர்பார்ப்பதில்லை. மாலை மங்கிய பிறகு அந்தப் பக்கமே வேண்டாம்.

மார்த்தாண்டத்திலிருந்து எழுதிய சகோதரி, பெண்கள் தோட்டப் பாதையில் அதிகாலையில் தனியாகப் பயிற்சி எடுப்பது எளிதில்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்கிறார். அவரும் தோழியும் சேர்ந்தே ஓட்டுகிறார்கள். நேரத்தையும் வழியையும் வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர் கேட்ட சேணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கான குறுகிய சேணத்தையே மாட்டி விற்பது வழக்கம். உட்காரும் எலும்புகளின் அகலத்திற்கு ஏற்ற சேணமாக மாற்றாமல் இருந்தால் எந்தப் பஞ்சுக்கால்சட்டையும் காப்பாற்றாது. இது ஆண்களுக்கும் பொருந்தும்.

ஜூலை 15

உட்காரும் இடத்துப் புண்ணைப் பற்றி நேரடியாகக் கேட்கத் தயங்கித் தனிக்கடிதம் எழுதியவர்கள் பலர் என்பதால் இங்கேயே. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ஈரக் கால்சட்டையைக் கழற்றிவிடுங்கள். டீ குடித்து, படமெடுத்து, கதை பேசிய பிறகு கழற்றுவோம் என்று இருக்க வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, தளர்ந்த வேட்டியோ கைலியோ கட்டிக்கொள்ளுங்கள். அங்கே கைலியோடு உலவிய என்னை முதல் நாள் பார்த்துச் சிரித்தவர்கள் நான்காம் நாள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். பந்தய நாட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கால்சட்டைகள் இருந்தால் நல்லது. துவைத்தது மலைக்குளிரில் காயாது. காயாததை அணிந்தால் அன்றே புண்.

ஜூலை 20

இருவர் அணியாகப் போகலாமா, தனியாகவா?

கேப் எபிக்கில் இருவர் அணிதான். புறப்படும் நாள் தொடக்கம் எட்டு நாளும் இருவரும் ஒருவரையொருவர் இரண்டு நிமிட இடைவெளிக்குள் வைத்துக்கொண்டே ஓட வேண்டும், மீறினால் நேரத் தண்டனை உண்டு. விதியின் நோக்கம் பாதுகாப்பு. விளைவு என்னவென்றால், வலுவானவர் எப்போதும் காத்திருப்பார், தளர்ந்தவர் எப்போதும் குற்ற உணர்வோடு ஓடுவார், மறுநாள் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். தனிநபர் பந்தயத்திலும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். நானும் என் மச்சானும் தனித்தனியே பெயர் கொடுத்திருந்தும், சேர்ந்தே ஓடுவது என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனோம். அவர் இறக்கத்தில் பறப்பவர், நான் ஏற்றத்தில் சற்று முந்துபவன். உச்சியில் நான் குளிரில் நடுங்கிக்கொண்டு காத்திருப்பேன், அடிவாரத்தில் அவர் பொறுமையிழந்து காத்திருப்பார். ஒருநாள் மாலை இருவரும் ஒரே கூடாரத்தில் ஒரு வார்த்தை பேசாமல் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம். மறுநாள் முதல் அவரவர் வேகத்தில் போவது, மாலையில் சந்திப்பது என்று வைத்துக்கொண்டபின் உறவு பிழைத்தது. துணையைத் தேர்ந்தெடுக்கும்போது சம வேகத்தைப் பார்க்காதீர்கள், களைத்துப்போன வேளையில் அவர் எப்படிப் பேசுவார் என்பதைப் பாருங்கள்.

ஆகஸ்ட் 3

சைக்கிளைக் கொண்டுபோவது எப்படி என்ற கேள்வி தினமும் வருகிறது. கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை புறப்படும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் டெல்லி வரை போய், அங்கிருந்து கால்கா, பிறகு சிம்லா என்பது நம்மவர்கள் பலர் போகும் வழி. பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்யுங்கள், நீங்கள் போகும் வண்டியின் பிரேக் வேனிலேயே (சரக்கு ஏற்றும் பெட்டி) ஏறும். தனிப் பார்சலாகப் போட்டால் இடமிருக்கும் வேறொரு வண்டியில் அது தன் விருப்பப்படி வந்து சேரலாம்.

அட்டைப்பெட்டிக்குள் வைக்கும் முன் பெடல்களைக் கழற்றுங்கள். இடது பெடலின் திருகுப்புரி எதிர்த்திசையில் சுழலும், பலம் காட்டினால் புரி கெடும். சக்கரங்களைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு இடையே ஓர் அட்டைத்துண்டைச் செருகுங்கள். வழியில் யாராவது லீவரை அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொண்டு ரோட்டார் நுழையாது, பந்தயத்திற்கு முந்தைய இரவை ஸ்க்ரூடிரைவரோடு கழிக்க நேரும். பின்கியரை, அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்ற சிறு துண்டிலிருந்து அவிழ்த்து, துணியில் சுற்றிச் சட்டத்தின் உட்புறமாகக் கட்டிவிடுங்கள். ஹேங்கர் வளைவதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்ட உறுப்பு. பல சைக்கிள் மாதிரிகளுக்குத் தனித்தனி வடிவம் என்பதால் டெல்லியின் பெரிய கடைகளிலும் உங்களுடையது கிடைப்பது சந்தேகம். இங்கிருந்து புறப்படும் முன்பே இரண்டு வாங்கி, ஒன்றைப் பெட்டியிலும் மற்றொன்றைத் தோள்பையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.